தாடையில் மூன்று கோடுகள்

அம்மா செத்த செய்தியைச் சொல்லப் போன் செய்த அக்கா, அழுகைக்கு முன்னால் ஒரு நிபந்தனையைப் போட்டாள்.

"நேரா ஹாலுக்கு வா. பின்னாடி ரூமுக்கு வராத. அங்க நான் பாத்துக்கறேன்."

இதை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நேராக ஹாலுக்குத்தான் போயிருப்பேன். மூலையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, சவப்பெட்டியை மூடியதும் கிளம்பியிருப்பேன். அம்மாவின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் அக்கா ஒரு கதவைக் காட்டி, திறக்காதே என்று சொன்னால் எனக்குக் கை அரிக்கும். பஸ்ஸைப் பணிமனையில் விட்டு, சாவியை அடுத்த டிரைவர் கையில் திணித்துவிட்டு, யூனிபார்மோடு புறப்பட்டேன்.

ஆமாம், நான் பஸ் ஓட்டுகிறவள். அம்மாவுக்கு அது தீராத அவமானம். பெண்பிள்ளை பஸ் ஓட்டுகிறாளே என்பதுகூட இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நாளெல்லாம் வெயில் வாங்குகிறேனே, அதுதான். "இருக்கிற கறுப்பு பத்தாதுன்னு சம்பளம் வாங்கிட்டு வேற கறுக்குறா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் என் பெயர் அட்டக்கரி. அக்காவின் பெயர் ரோசா. இரண்டும் அம்மா வைத்தது. எங்களுக்கு வேறு பெயர்களும் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவும் அக்காவும் ஒரே சிவப்பு. நான் அப்பா வழி. "எல்லாம் உங்கப்பன் வீட்டு நிறம், நான் என்ன பண்ண முடியும்" என்பாள் அம்மா, கைவிட்ட டாக்டர் மாதிரி. அப்பா நான் நடை பழகுமுன்பே போய்ச் சேர்ந்தவர். அவர் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. பார்த்தால் அழுகை வருகிறது என்று எல்லாவற்றையும் அம்மா எங்கேயோ கொடுத்துவிட்டாளாம். அப்பாவின் சொந்தக்காரர்களோடு போக்குவரத்தும் இல்லை. அதனால் பார்த்தே இராத அந்த மனிதனை நான் நாற்பது வயது வரை திட்டிக்கொண்டிருந்தேன். கொடுத்ததுதான் கொடுத்தார், வேறு ஏதாவது கொடுத்திருக்கக்கூடாதா.

கடைசியாக நான் அம்மாவைப் பார்த்தது அக்கா மகனின் பிறந்தநாளன்று. எல்லாரும் போட்டோவுக்கு நின்றோம். "நீ கொஞ்சம் ஓரமா நில்லு, உன்னால போட்டோ இருட்டாயிடும்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நான் ஓரமாக நிற்கவில்லை. நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். வரட்டுமா என்று கேட்டதற்கு, அம்மா யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றாள். யாரையும் என்றால் என்னை என்று எடுத்துக்கொண்டேன். ரோசம் எனக்கும் உண்டு. போகவில்லை.

அக்கா வரச்சொன்னது, இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்துத் தருகிற ஓர் இடம். முன்பக்கம் ஹால், பின்பக்கம் நீளமான ஒரு நடை. நடையின் கடைசியில் இருந்த கதவைத் தட்டாமலே திறந்தேன்.

உள்ளே டியூப்லைட் வெளிச்சம். சக்கரம் வைத்த மேசையில் அம்மா. பக்கத்தில் அக்கா. தலைமாட்டில் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிய ஒப்பனைக்காரம்மா, கையில் ஸ்பாஞ்சோடு. அக்கா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து மேசைக்குக் குறுக்கே வந்து நின்றாள், ஓடும் பஸ்ஸை நிறுத்துகிறவள் போல.

"சொன்னேன்ல, ஹாலுக்குப் போன்னு."

"தள்ளு."

"வேணாம். சொன்னா கேளு."

தினம் பஸ் ஸ்டீரிங்கை வளைத்துப் பழகிய கை எனக்கு. தள்ளினேன். பார்த்தேன்.

அம்மாவின் கழுத்துக்குமேல் என் நிறத்தில் ஒரு முகம் இருந்தது.

நிறம் என்றால் சுமாராக அல்ல. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்த அதே நிறம். சாவு அதன்மேல் லேசாக ஒரு மங்கல் போட்டிருந்தது, அவ்வளவுதான். கீழ் உதட்டின் ஓரத்தில் எனக்கு இருக்கும் கரும்படர்வுகூட இருந்தது. என் வாழ்நாளில் அந்த உதட்டை நான் சாயம் இல்லாமல் பார்த்ததில்லை. நாங்கள் எழுந்திருக்குமுன்பே அம்மா முகம் கழுவி, பூசி, தயாராக இருப்பாள். காய்ச்சல் வந்து படுத்தால்கூட அப்படித்தான்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"சீக்கு. டயாலிசிஸ் பண்றவங்க இப்படிக் கறுத்துடுவாங்க" என்றாள் அக்கா, என் கண்ணைப் பார்க்காமல்.

நான் அம்மாவின் முழுக்கை ஜாக்கெட்டைத் தோள்வரை ஏற்றினேன். வெயில் படாத, யார் கண்ணும் படாத தோள். முகமும் தோளும் ஒரே நிறம். விரலில் மட்டும், மோதிரம் இருந்த இடத்தில், வெளுத்துச் சுருங்கிய ஒரு வளையம்.

"சீக்கு தோள்பட்டையிலயும் சமமா பூசிட்டுப் போச்சா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை, சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்மா ஒரு கிரீம் போட்டு வந்தாளாம். முகம், கழுத்து, முழங்கை வரை. சீட்டு ஒட்டாத தகர டப்பாவில் யாரோ கொண்டுவந்து கொடுப்பார்களாம். அதற்குமேல் பவுண்டேஷன், அதற்குமேல் பவுடர். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, முகத்தில் என்ன போடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். சிறுநீரகத்தைத் தின்றது அந்த டப்பாதான். அதை நிறுத்தியதும் மெல்ல மெல்லப் பழைய நிறம் ஏறிவந்திருக்கிறது. ஏற ஏற அம்மா வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் துணிபோட்டு மூடச் சொல்லியிருக்கிறாள். யாரையும் உள்ளே விடாதே என்றிருக்கிறாள்.

"அப்போ அப்பா?"

"அப்பாதான் வெள்ள. எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. நான்தான் அப்பா மாதிரி" என்றாள் அக்கா.

எனக்கு வந்தது துக்கமா என்று கேட்டால், இல்லை. வயிறு எரிந்தது. நாற்பது வருஷம் என் மூஞ்சியைப் பார்த்து முகம் சுளித்தவள், தன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சுளித்திருக்கிறாள். இதில் செத்துப்போன மனுஷன் மேல் பழி வேறு. மேசையில் கிடந்தவளை உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது. அதற்கும் வழியில்லாமல் சௌகரியமாகப் போய்விட்டாள்.

ஒப்பனைக்காரம்மா தொண்டையைச் செருமினாள். "உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. எனக்கு அடுத்தது வெயிட்டிங். எந்த ஷேடு போடணும்னு சொல்லுங்க."

அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். அம்மா வழக்கமாகப் பூசுகிற பவுண்டேஷன். சந்தனத்தில் பால் விட்டுக் கலக்கினது போன்ற நிறம். "இதுதான். கழுத்துக்கும் சேத்து நல்லா அழுத்தமா போட்டுடுங்க."

ஒப்பனைக்காரம்மா ஒரு கன்னத்தில் அதைத் தட்டித் தட்டிப் பரப்பினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். சாம்பல் பூசின மாதிரி இருந்தது. இன்னொரு தடவை பூசினாள். இப்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயிற்று. தாடையோரம் பூச்சு நின்ற இடத்தில் முகமூடியின் விளிம்பு போல ஒரு கோடு.

"நிக்காதுங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு உள்ளயிருந்து ஒரு சூடு இருக்கும், அது எந்தப் பூச்சையும் கொஞ்சம் இழுத்துக்கும். இவங்களுக்கு மேலயே மெதக்குது. இவங்க தோல் நிறத்துக்கே எடுத்தாதான் மூஞ்சி மாதிரி இருக்கும்." ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். "ஆனா ரத்தம் நின்னப்புறம் இவங்க மேலயே பாத்து ஷேடு எடுக்க முடியாது. தப்பாப் போயிடும். சொந்தத்துல அதே நிறத்துல உயிரோட ஒரு ஆள் வேணும். அவங்க மேல பாத்துட்டு இவங்களுக்குப் போடுவேன்."

"நான்தான் அம்மா மாதிரி" என்று அக்கா எழுந்தாள். வாய்ப் பழக்கம். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அது உறைத்தது.

ஒப்பனைக்காரம்மா அவளைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டாள்.

என் முகத்தை யாரும் தொட விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. பள்ளிக்கூட நாடகத்துக்கு அம்மா ஒருமுறை எனக்கு மேக்கப் போட்டாள். தன் புட்டியையே எடுத்து அப்பினாள். மேடையில் நான் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒருத்தி, மாவு மூட்டை பேசுது என்றாள். அன்றைக்குக் கழுவினதுதான், அதற்கப்புறம் என் முகத்துக்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும்.

இப்போது செத்த அம்மாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தாடையைத் தூக்கிக் காட்டினேன். ஒப்பனைக்காரம்மா தட்டிலிருந்து மூன்று புட்டிகளைப் பொறுக்கி, கன்னம் முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில் மூன்று கோடு இழுத்தாள். சில்லென்று இருந்தது.

"கையில போட்டுப் பாத்தா போதாதா?"

"கையி வேற, மூஞ்சி வேற. நிறைய பேரு மணிக்கட்டுல பாத்து வாங்கிட்டுப் போயி ஏமாறுறாங்க. அசையாதீங்க. காஞ்சாதான் நெஜ நிறம் தெரியும்."

காயட்டும் என்று மூன்று பேரும் சும்மா இருந்தோம். சாவு வீட்டில் வண்ணம் காயக் காத்திருந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். பிறகு அவள் என்னை எழுப்பி, பின்வாசல் கதவைத் திறந்து, வெயிலில் நிறுத்தினாள். டியூப்லைட்டை நம்பக்கூடாதாம். முதல் கோடு செங்கல் மாதிரி தெரிகிறது என்றாள். இரண்டாவது மஞ்சள் அடிக்கிறது என்றாள். மூன்றாவதைத் தேடினாள்.

"இங்கதான் போட்டேன்" என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதான். பாருங்க, எங்க போச்சுன்னே தெரியல."

சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். இரண்டு கோடுகள்தான் இருந்தன. மூன்றாவது என் தோலுக்குள் போய்விட்டிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்காக இல்லை. இந்த நிறத்திலும் ஒரு புட்டி செய்து, மூடி போட்டு, எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் அடுக்கி அனுப்புகிறார்கள். அதுவரை நான் பார்த்த கடைகளில் எல்லாப் புட்டியும் அக்காவுக்காகவே செய்தவை.

"இதையே போடுங்க" என்றேன்.

"கூடாது" என்றாள் அக்கா. அவள் விடுவதாக இல்லை. "நான் அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். கடைசி வாரம் என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அந்த மூஞ்சியோட என்ன வெளிய அனுப்பிடாதடின்னு. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்."

"எந்த மூஞ்சியோட?"

அவள் அம்மாவின் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"சொல்லு. எந்த மூஞ்சி? இந்த மூஞ்சியோடதான் நான் தினம் வெளிய போறேன். வேலைக்குப் போறேன். உன் வீட்டு விசேஷத்துக்கு வந்தேன். அப்படி என்ன கேவலம் இதுல?"

"செத்தவங்ககிட்ட பழி வாங்குறியா?"

"ஆமா."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று நான் மழுப்புவேன், அதைப் பிடித்துக்கொண்டு அழலாம் என்று இருந்தாள். நான் மழுப்பவில்லை. "உயிரோட இருந்தப்ப வாங்க முடியல. விஷயமே தெரியாது. தெரிஞ்சவ நீ. ரெண்டு வருஷமா பக்கத்துல வெச்சுக்கிட்டு, எனக்கு ஒரு போன் பண்ணி, அம்மா உன் நிறம்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல தெரியுமா? அம்மா மாதிரி இருக்கிற பொண்ணுங்கற பட்டம் போயிடும். ரோசாவுக்கு அது இல்லாம தூக்கம் வராது."

"அவங்களக் குளிப்பாட்டினது நான். மலம் அள்ளினது நான். நீ எங்க இருந்த? இப்ப வந்துட்டா பேச."

"நீ வராதன்னு சொன்ன எடத்துல இருந்தேன்."

அக்காவின் புருஷன் கதவைத் தட்டி, ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். ஒப்பனைக்காரம்மா ஒரு கையில் அந்தப் புட்டியையும் ஒரு கையில் இந்தப் புட்டியையும் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பால் நிறப் புட்டியை மறுபடி திறந்தாள். கேட்டவர்களுக்கு ஒரு தடவை முழுசாகப் போட்டுக் காட்டிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, நெற்றியிலிருந்து கழுத்து வரை அப்பினாள்.

மேசையில் இருந்தது யாரோ. வெள்ளையடித்த சுவரில் இரண்டு கண்ணை மூடி வரைந்தது மாதிரி. அக்கா ஒரு நிமிஷம்கூட அதைப் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"என்னமோ பண்ணு. கேக்கிறவங்களுக்கு நீயே பதில் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

ஒப்பனைக்காரம்மா எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, மூன்றாவது புட்டியைப் பூசினாள். பூசப் பூச அந்தச் சாவு மங்கல் போய், முகம் முகமாக ஆயிற்று. உதட்டுக்கு அடர்ந்த கத்திரிப்பூ நிறத்தில் கொஞ்சம். முடித்ததும் ஒரு விநாடி என்னையும் அம்மாவையும் சேர்த்துப் பார்த்தாள். அடுத்ததைக் கொண்டு வரச்சொல்லி மணியை அடித்தாள். அம்மா அழகாக இருந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல மூஞ்சியை வைத்துக்கொண்டா இத்தனை ஆட்டம்.

ஹாலில் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றேன். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் நின்று எல்லாரும் பார்க்கட்டும், இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போடட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். இன்றைக்காவது ஒரு வாய் அதைச் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாய்தான்.

முதலில் அம்மாவின் பழைய பக்கத்துவீட்டுக்காரி வந்தாள். குனிந்து பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ பாவம், சீக்குல எப்படிக் கறுத்துட்டாங்க."

"சீக்கு இல்ல. இதுதான் அவங்க நிறம்" என்றேன்.

அவள் என் கையைப் பரிவோடு தட்டினாள். "துக்கத்துல அப்படித்தாம்மா தோணும்."

அடுத்து அக்கா புருஷனின் அண்ணன். "மருந்துச் சூடு" என்றார். அவர் மனைவி, "ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் நிறத்தையெல்லாம் எடுத்துடும்" என்றாள். இன்னொருவர் என்னையும் அம்மாவையும் உண்மையாகவே மாறி மாறிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. "நீ வெயில்ல கறுத்த. அவங்க வியாதியில கறுத்தாங்க. என்ன விதியோ" என்றுவிட்டு நகர்ந்தார். ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். அம்மாவை நான் அசிங்கப்படுத்துவதாக நினைத்தவர்களும் இருந்தார்கள். சுவரோரம் நின்ற அக்கா எதுவும் பேசவில்லை. அவள் பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பெட்டிக்குள் தன் சொந்த முகத்தோடு படுத்திருந்தும் அம்மா சிவப்பாகவே இருந்தாள்.

அப்போதுதான் சித்தி வந்தாள். அம்மாவோடு கூடப்பிறந்தவள், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள். இவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. பின்னால் அவள் மருமகள், இடுப்பில் கைக்குழந்தையோடு. குழந்தை என் நிறம், கொழுகொழுவென்று. நுழையும்போதே சித்தி மருமகளிடம், "வெளிய வெயில்ல நிக்காத, குழந்தை ஏற்கெனவே உங்க வீட்டு நிறம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மருமகள் குழந்தையின் முகத்தின்மேல் ஒரு துணியை இழுத்துவிட்டாள்.

சித்தி பெட்டியைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். அந்தக் கணத்தில் அவள் கண்ணில் நான் பார்த்துவிட்டேன். அடையாளம் தெரிந்துகொண்ட பார்வை அது. பிறகு அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள். "பால் மாதிரி இருந்தவளே. பாவி சீக்கு உன்ன இப்படிக் கரியாக்கிடுச்சே."

அழுகை நிஜம்தான். கண்ணீர் தாரையாக இறங்கியது. இறங்கின வழியெல்லாம் பவுடர் கரைந்து, இரண்டு கன்னத்திலும் கறுப்பாக ஒவ்வொரு வாய்க்கால்.

பெட்டியோரம் வருகிறவர்களுக்காக டிஷ்யூ வைத்திருந்தார்கள். ஒன்றை உருவினேன். "அழாதீங்க சித்தி" என்று சொல்லி, இடது கையால் அவள் பின்தலையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கன்னத்தைத் துடைத்தேன். மெதுவாக இல்லை. பஸ் கண்ணாடியைத் துடைப்பேனே, அப்படி அழுத்தி. டிஷ்யூவில் பால் நிறம் திட்டாக வந்தது. கன்னத்தில், காதிலிருந்து மூக்குவரை, அம்மாவின் நிறம் வந்தது.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது, குரல் மட்டும் காதுக்குள் கெஞ்சியது.

"விடுடி. மருமக பாக்குறா."

நான் திரும்பிப் பார்த்தேன். மருமகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சித்தியின் கன்னத்தை, பெட்டிக்குள் அம்மாவை, என்னை, கடைசியாகத் தன் இடுப்பிலிருந்த பிள்ளையை. பிள்ளையின் முகத்தில் கிடந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு கிட்ட வந்து, டிஷ்யூப் பெட்டியிலிருந்து இன்னொன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

"அந்தக் கன்னம் பாக்கி இருக்கு அண்ணி" என்றாள்.